குடை ஜாடிக்குள் விழுந்த துப்பாக்கி

என் மகள் பதினைந்து வயதில் பள்ளியில் சினிமாவை ஒரு பாடமாக எடுத்தாள். நான் படித்த காலத்தில் சினிமாவுக்குப் போனது தெரிந்தால் வாத்தியார் முட்டி போட வைப்பார். இங்கே டெக்சாஸில், எங்கள் காப்பெல் ஊரில், படம் பார்த்துவிட்டு வந்தால் மார்க் போடுகிறார்கள். கலிகாலம் என்று சொல்லிக்கொண்டே நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படம் பார்த்தேன். அந்தப் படம் என்னை வசமாக மாட்டிவிட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். இங்கே அவள் பேசுவதையெல்லாம் தமிழாக்கியது நான்தான். ‘நீங்க’, ‘வாங்க’ என்ற மரியாதையும் என் கைச்சரக்கு. பெற்ற கடனுக்கு அந்தச் சலுகையாவது எனக்கு வேண்டும்.

அந்த நாட்களில் நான் வீட்டில் ஒரு பொய்யை வளர்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மூன்று வயது ஆகியிருந்தது. கண்ணாடி மாற்றப் போன இடத்தில் என் கண்ணைப் பார்த்த பெண், சிரிப்பு மறைந்து, விழித்திரை டாக்டர் ஒருவரிடம் என்னை அனுப்பினார். அவர் ஒரு நாள் முழுக்கச் சோதித்துவிட்டு வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொன்னார். ரத்தத்தோடு வருகிற வியாதி. பார்வை ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே வரும். எதிரே இருப்பது தெரியும், பக்கத்தில் வருவது தெரியாது. பொழுது சாய்ந்தால் எதிரே இருப்பதும் தெரியாது. ஊரில் இதை மாலைக்கண் என்பார்கள், கீரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். என்னுடையது கீரைக்குக் கட்டுப்படாத ரகம்.

இருட்டிய பிறகு கார் ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். பகலில் ஓட்டலாமா என்று பார்க்க இன்னொரு சோதனை இருக்கிறது, அதற்கும் வர வேண்டும், பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டி வர வேண்டும் என்றார். பூம்பூம் மாடு போலத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். திரும்பிப் போகவே இல்லை.

அவரைப் பார்ப்பதற்கு முன் ஒரு படிவம் நிரப்பச் சொல்லியிருந்தார்கள். உங்கள் பெற்றோர் ரத்த உறவினரா என்று ஒரு கேள்வி. நீங்களும் உங்கள் மனைவியும் ரத்த உறவினரா என்று அடுத்த கேள்வி. இரண்டுக்கும் ‘இல்லை’ என்று டிக் போட்டேன்.

என் அம்மா என் அப்பாவுக்கு அக்கா மகள். என் மனைவி எனக்குத் தாய்மாமன் மகள். விருதுநகர்ப் பக்கம் இதெல்லாம் ஒரு செய்தியே அல்ல. முறைப்பெண் இருக்கும்போது நான் வெளியே பெண் எடுத்திருந்தால்தான் செய்தி ஆகியிருக்கும், மாமா எங்கள் வீட்டில் கை நனைத்திருக்க மாட்டார். ஆனால் அமெரிக்கா வந்த புதிதில், ஆபீஸ் சாப்பாட்டு மேசையில், என் அப்பா அம்மா உறவை நான் வெள்ளந்தியாகச் சொன்னபோது எதிரே இருந்தவர் முள்கரண்டியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பேச்சு சட்டென்று மழைக்குத் தாவியது. அன்றோடு அந்த விஷயத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

மகளிடமும் மூடிக்கொண்டோம். அவள் மூன்றாம் வகுப்பு படித்தபோது குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். நானும் மனைவியும் உட்கார்ந்து வரைந்து பார்த்தோம். உள்ளதை உள்ளபடி போட்டால் பிரிந்து போன கிளைகள் திரும்பி வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. டீச்சர் என்ன நினைப்பாரோ என்ற பயத்தில் அதைக் கிழித்துவிட்டு, இரண்டு தனி மரங்களாக வரைந்து கொடுத்தோம். என் அம்மாவும் மனைவியின் அப்பாவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். காகிதத்தில் அவர்களை ஆளுக்கொரு மூலையில் நிறுத்தினோம். அந்தப் பொய்ப் படத்துக்கு வகுப்பில் தங்க ஸ்டார் ஒட்டிக் கொடுத்தார்கள். ஊருக்குப் போகும்போது எல்லாரும் எல்லாரையும் அத்தை, மாமா என்று கூப்பிட்டுக்கொள்வதில் மகளுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று. சின்ன வயதிலிருந்து என்னை ‘அத்தான்’ என்று கூப்பிட்ட மனைவியும் மகள் முன்னால் ‘என்னங்க’வுக்கு மாறிக்கொண்டாள்.

கண் விஷயம் மனைவிக்கும் தெரியாது. ஏன் மறைத்தாய் என்று பிற்பாடு எல்லாரும் கேட்டார்கள். வேலை போய்விடுமோ, கிரீன் கார்டு வரிசையில் பாதியில் நின்றுவிடுவோமோ என்றெல்லாம் காரணம் சொன்னேன். அவை அரைக் காரணங்கள். முழுக் காரணம் என் மகள். சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு இது வர வாய்ப்பு அதிகம் என்று அந்த டாக்டர் பேச்சுவாக்கில் சொன்னார். அந்த நொடியில் என் கண் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவளுடைய பெரிய கண்கள்தான் நினைவுக்கு வந்தன. சோதித்துப் பார்க்காத வரை அவளுக்கு ஒன்றும் இல்லை என்று மனசு கணக்குப் போட்டது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? இந்தப் பூனை அப்படித்தான் நம்பியது.

இருட்டில் ஓட்டாமல் தப்ப, மாலை நேரத்தில் வீட்டிலிருந்தே மீட்டிங் வைத்துக்கொண்டேன். நடன வகுப்புக்குக் கூட்டிப் போவதை முதுகுவலி சொல்லி மனைவி தலையில் கட்டினேன். தெருவோரக் குப்பைத் தொட்டியை இடித்துவிட்டு, அதை யாரோ நகர்த்தி வைத்துவிட்டார்கள் என்று நாள் முழுக்கத் திட்டினேன். ஆனால் பள்ளி விடும் நேரம் பட்டப்பகல். அதனால் மகளையும் பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டி வரும் வேலையை மட்டும் விடவில்லை. அதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் படம் வந்தது. அமெரிக்காவில் படங்கள் பேசத் தொடங்கிய புதிதில், குறைந்த செலவில் எடுத்த ஒரு குற்றப் படம். வீட்டில் ஒரு பெரியவரோடு அதைப் பார்க்க வேண்டும், இருவரும் எதை எதைக் கவனித்தீர்கள் என்று எழுத வேண்டும். ஒரு சனிக்கிழமை மதியம் மனைவி தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கப் போயிருந்தாள். சாப்பிட்டுவிட்டு நானும் மகளும் லாப்டாப் முன்னால் உட்கார்ந்தோம்.

காசில்லாத கம்பெனி என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்டது. படம் முழுக்க ஒரே மாடிப்படி. வாசலில் பலகை தொங்கினால் அது தங்கும் விடுதி, பலகையைக் கழற்றினால் போலீஸ் ஸ்டேஷன். மைக்கை மேசை விளக்குக்குள் ஒளித்திருக்க வேண்டும். கொலையுண்டவர் முதல் இன்ஸ்பெக்டர் வரை முக்கியமான வசனத்தை எல்லாரும் அந்த விளக்கிடம்தான் போய்ச் சொன்னார்கள். பின்னணியில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல ஓயாமல் ஒரு சத்தம். கதவைத் திறப்பவன், நான் கதவைத் திறக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் திறந்தான். விழுந்து கிடந்தவரைப் பார்த்து இவர் இறந்துவிட்டார் என்று நான்கு பேர் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். பேச வாய் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அவர்கள் எதையுமே சொல்லாமல் விடவில்லை.

எனக்கு அந்தப் படம் சொர்க்கம். மங்கலான கறுப்பு வெள்ளையில் எனக்குப் பாதிதான் தெரிந்தது, ஆனால் காது போதும். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். ஒரு முழுப் படத்தின் வசனத்தையும் பாட்டையும் வெட்டி ஒட்டி ஒரு மணி நேரம் கேட்க வைப்பார்கள். நான் ‘பார்த்த’ படங்களில் பாதி அப்படிக் காதால் பார்த்தவை. தொப்பென்று விழும் சத்தத்தை வைத்தே விழுந்தது வில்லனா கதாநாயகனா என்று சொல்லிவிடுவேன். அந்தத் தெம்பில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

கதை இதுதான். விடுதிக்காரக் கிழவரை யாரோ சுட்டுவிடுகிறார்கள். அங்கே தங்கியிருப்பவர்களை இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவராக விசாரிக்கிறார். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தாவிடம், உனக்கும் இறந்தவருக்கும் ஏதாவது உறவு உண்டா என்கிறார். இல்லை என்கிறான் குமாஸ்தா. பத்து நிமிடத்தில் அவன் கிழவரின் தம்பி மகன் என்பது தெரிந்துவிடுகிறது. எனக்கு அவன் மேல் என்னவோ பாசம் வந்துவிட்டது. பாவம், அவனுக்கு என்ன சங்கடமோ.

பாதியில் மகள் படத்தை நிறுத்தினாள்.

“அப்பா, இந்த இடத்துல நான் ஒரு கேள்விக்குப் பதில் எழுதணும். யாரு செஞ்சிருப்பாங்கன்னு நீங்க நினைக்கிறீங்க?”

துப்பறிவதில் எனக்கு இருந்த ஞானத்தைக் காட்டச் சரியான சந்தர்ப்பம். “அந்த கிளார்க்தான்னு எல்லாரும் நினைப்பாங்க. அது டைரக்டரோட ட்ரிக். அவன் பொய் சொன்னது வேற எதுக்கோ. கடைசி சீன்லதான் உண்மையான ஆளைக் காட்டுவாங்க. நீ வேணா பாரு” என்றேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, “அப்பா, யாருன்னு அப்பவே காட்டிட்டாங்களே” என்றாள்.

“எப்போ?”

“சுட்ட உடனே. ஒரு கை வந்து துப்பாக்கியைக் குடை வைக்கிற ஜாடிக்குள்ள போடுது. லேஸ் வச்ச சட்டைக் கை. அந்த விடுதி வேலைக்கார அம்மா. நமக்குத் தெரியும், இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. படமே அதுதான்.”

“ஓ, அதுவா! பார்த்தேன், பார்த்தேன். அது கனவு சீன்னு நினைச்சேன்” என்றேன். சொன்ன எனக்கே அது கேவலமாக இருந்தது.

அவள் படத்தைப் பின்னால் ஓட்டினாள். அந்த இடத்தில் நிறுத்தினாள். படத்தில் ஒருவரும் பேசாமல் இருந்த ஒரே இடம் அது. மாடிப்படியில் ஓடும் கூட்டம் எனக்குத் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

“கை எங்க இருக்கு, காட்டுங்க.”

நான் திரையின் நடுவில் தேடினேன். மேலே தேடினேன். தொலைந்த ஊசியைத் தேடுகிறவன் போலத் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினேன். அவள் என் விரலைப் பிடித்துத் திரையின் இடது கீழ் மூலையில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் அங்கே ஒரு ஜாடி இருப்பதும், அதன் மேல் ஒரு கை இருப்பதும் எனக்குத் தெரிந்தன.

“நேரா என்னைப் பாருங்க” என்றாள். பார்த்தேன். “இப்போ நான் எத்தனை விரல் காட்டுறேன்?”

அவள் கை எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. மூன்று என்றேன். சூதாடினேன்.

“நான் விரலே காட்டலை அப்பா. கையை உங்க காதுக்குப் பக்கத்துல வச்சு ஆட்டிட்டு இருக்கேன்.”

அதற்கு மேல் என்னிடம் பொய் இல்லை. மூன்று வருடக் கதையையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

“நேத்து எங்களை நீங்கதானே டிரைவ் பண்ணிக் கூட்டிட்டு வந்தீங்க? பின்னாடி அந்தச் சின்னப் பசங்க இருந்தாங்க. சைட்ல இருந்து யாராவது சைக்கிள்ல வந்திருந்தா?”

அவள் எழுந்து போய் ஆணியில் தொங்கிய என் கார் சாவியை எடுத்து வந்தாள். அதைத் தன் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அது என்னிடம் திரும்பி வரவில்லை.

மனைவி வந்ததும் மகளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மனைவி கையிலிருந்த பையைக் கூடக் கீழே வைக்காமல் கேட்டாள். என் பக்கம் திரும்பி, “தனியா வச்சுட்டு இருந்தீங்களே, மூணு வருஷம்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

மகள் அதற்குள் போனில் அந்த வியாதியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இறுக்கம் மெல்லத் தளர்ந்தது.

“ஓகே. அப்பாவோட டைப்புக்கு அப்பா, அம்மா ரெண்டு பேருகிட்டயும் அந்த ஜீன் இருந்தாத்தான் பிள்ளைக்கு வருமாம். அம்மா வேற ஃபேமிலிதானே? ரெண்டு மரம். அப்போ எனக்கு வராது. நான் சேஃப்.”

எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். மூன்றாம் வகுப்பில் நாங்கள் வரைந்து கொடுத்த இரண்டு மரங்களை நம்பிச் சிரித்தாள். சும்மா இருந்துவிடலாமா என்று ஒரு நொடி, சத்தியமாக ஒரு நொடி, தோன்றியது.

“அத்தான், சொல்லிருங்க” என்றாள் மனைவி.

சொன்னேன். ஒரு காகிதத்தை எடுத்து மரத்தை மறுபடி வரைந்தேன். இந்தத் தடவை என் அம்மாவையும் மனைவியின் அப்பாவையும் அண்ணன் தங்கையாகப் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். என் அப்பாவின் அக்காவிலிருந்து என் அம்மாவுக்குப் போகும் கோட்டையும் போட்டேன். மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இது மரமே இல்ல” என்றாள்.

“சிக்குக் கோலம்டி” என்றாள் மனைவி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

“நீங்க ரெண்டு பேரும் கசின்ஸ்ங்கறது எனக்குப் பிரச்சினை இல்ல. கொஞ்சம் வியர்டாத்தான் இருக்கு. ஆனா சொல்லியிருந்தா யாரும் உங்களை ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. அந்த கிளார்க் மாதிரியே பண்ணியிருக்கீங்க” என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. “அப்போ எனக்கும் வரலாம். இல்லையா?”

“வரலாம்மா” என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன உண்மைகளிலேயே கசப்பானது அது.

அடுத்த மாதம் கார் ஓட்டப் பழக லேர்னர் பெர்மிட் எடுப்பதாக அவள் ஆறு மாதமாகக் குதித்துக்கொண்டிருந்தாள். “என் கண் எப்படின்னு தெரியாம நான் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன்” என்று அந்த விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டாள். அந்த ஒரு விஷயத்தில் அவள் என் மகளே அல்ல. அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

மூன்று பேரும் அதே டாக்டரிடம் போனோம். அதே படிவம். மகள்தான் நிரப்பினாள். கேள்விகளைச் சத்தமாகப் படித்தாள். “உங்கள் பெற்றோர் ரத்த உறவினரா?” ஆமாம் என்றேன். “நீங்களும் உங்கள் மனைவியும்?” எதிர் நாற்காலியில் இருந்த வெள்ளைக்கார அம்மா நிமிர்ந்து பார்த்தார். எனக்கு நேர் எதிரே இருந்ததால் நன்றாகவே தெரிந்தார். “ஆமாம், என் மாமா பொண்ணு” என்று அவருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். மகள் இரண்டு டிக் போட்டாள். மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் போனுக்கு வரும் என்றார்கள். “என்னோட ரிசல்ட்டை நான்தான் முதல்ல படிப்பேன்” என்று மகள் எங்களிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

காத்திருந்த அந்த நாட்களில் அவள் எனக்கு ஒரு புதுப் பழக்கம் செய்து வைத்தாள். நான் பார்க்க முடியாத ஏதாவது நடந்தால், “அப்பா, சைலண்ட் சீன்” என்பாள். பிறகு அது என்னவென்று சொல்வாள். இடது பக்கம் படி இருக்கு. அந்த அங்கிள் கை கொடுக்க நீட்டிட்டு நிக்கிறார். அம்மா உங்களை முறைக்கிறாங்க. நான் அதுவரை எத்தனை பேர் நீட்டிய கையைக் கவனிக்காமல் போயிருப்பேன், எத்தனை பேர் என்னைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்திருப்பார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. படத்துக்கான கட்டுரையையும் எழுதி முடித்தாள். அப்பா எதைக் கவனித்தார் என்ற இடத்தில், எல்லாரும் பேசியதை என்று எழுதியிருந்தாள்.

மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. குளிர்காலம், ஐந்தரை மணிக்கே இருட்டிவிட்டது. இந்தியக் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு மனைவி கறிவேப்பிலை வாங்க உள்ளே போயிருந்தாள். மகள் முன் சீட்டில், நான் பின் சீட்டில். என் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து மகளின் ரிசல்ட் வந்திருந்தது. அதை நான் திறந்திருக்கலாம், திறக்கும் தைரியம் இல்லை. கொடுத்த வாக்கு நல்லவேளையாக ஞாபகம் வந்தது.

“உனக்குத்தான்” என்று நீட்டினேன்.

அவள் திரும்பி உட்கார்ந்து வாங்கிக்கொண்டாள். போன் வெளிச்சம் என் கண்ணில் குத்தியது. அதற்குப் பின்னால் அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இருட்டு. அவள் படிக்கிறாள் என்று தெரிந்தது. விரல் நகரும் சின்னச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. மூச்சை இழுத்தாள். அழுகிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். தொப்பென்ற சத்தத்தை வைத்து விழுந்தவன் யார் என்று சொல்லும் என் காது அன்று ஒன்றுக்கும் உதவவில்லை. கடைக்கு வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தமும் தூரத்தில் போய் ஓய்ந்தது.

மூன்று வருடம் யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

“எனக்குத் தெரியலைம்மா. சைலண்ட் சீனா?”

“ஆமா.”

“என்ன நடக்குது, சொல்லேன்.”

“சிரிக்கிறேன் அப்பா” என்றாள்.